வெயிலாச்சி சொன்ன ஒரு சொல்

இருபத்தெட்டு வருஷம் பம்பாயில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். கொலைகாரன், வட்டிக்கடைக்காரன், பொய்ச்சாட்சி சொல்வதற்கென்றே அவதாரம் எடுத்தவன் என்று எத்தனையோ பேருடைய தமிழை ஜட்ஜுகளுக்கு இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். பெரிய பெரிய பாரிஸ்டர்களின் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். யாரைக் கண்டும் அசந்தது கிடையாது. வாயடைத்து நின்றது ஒரே ஒருத்தியின் முன்னால்தான். அவள் தாராவியில் இருந்த ஒரு மில் தொழிலாளி. பெயர் வெயிலாச்சி. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேங்கடசுப்ரமணியன். பூர்வீகம் கும்பகோணம் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்காவில். கோபம் எனக்கு எப்போதும் மூக்குமேல் இருக்கும். யாராவது என் மொழிபெயர்ப்பைக் குறை சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. சாட்சி என்ன சொன்னானோ அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் வைக்க வேண்டும், ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையவும் கூடாது என்பது என் கட்சி. தாராவிக்காரன் 'ஆத்துல' என்றால் நதி, எங்கள் மனுஷர்கள் 'ஆத்துல' என்றால் வீடு. கற்றுக்குட்டிகள் அந்தக் குழியில் விழுவார்கள், நான் விழுந்ததில்லை. அந்தக் கர்வம் வேறு எனக்கு உண்டு.

வெயிலாச்சி திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிப் பக்கத்துக்காரி. பதினாறு வயதில் கணேசபாண்டியன் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு பம்பாய்க்கு வந்தாள். அவன் குர்லாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அவள் பரேலில் ஒரு மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் தாராவியிலிருந்து நடந்தே போவாள், நடந்தே வருவாள். கலியாணமாகிப் பத்தாவது வருஷம் அவன் குர்லாவிலேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தலை காட்டுவதையே அநேகமாக நிறுத்திவிட்டான். அப்போது இவள் மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. பேராச்சி என்று பெயர்.

மூன்று வருஷம் அவள் ஒன்றும் பேசவில்லை. பம்பாய் மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது நாற்பத்தேழில். மாட்டுங்காவில் நாங்கள் அதை வெற்றிலை மென்றுகொண்டு திட்டித் தீர்த்தோம். வெயிலாச்சி என்ன செய்தாள் தெரியுமா? மறு வருஷமே ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டுவிட்டாள். "அவுக அங்கெ ஒருத்தியோட இருக்காக. நான் எதுக்கு இங்கெ அவுக தாலிய ஆணியில மாட்டுன மாதிரி மாட்டிக்கிட்டு நிக்கணும்?" என்று கேட்டாளாம். எங்கள் தெருவில் படித்த பெண்கள் இருந்தார்கள், பட்டம் வாங்கினவர்கள்கூட இருந்தார்கள். இந்தத் தைரியம் ஒருத்திக்கும் வந்ததில்லை.

விவாகரத்துக்குக் கணேசபாண்டியன் மறுப்புச் சொல்லவில்லை. குழந்தை மட்டும் தனக்கு வேண்டும் என்றான். தகப்பன்தானே கார்டியன் என்றான் அவன் வக்கீல். ஆசையால் கேட்டிருந்தால்கூட நியாயம் என்று சொல்லலாம். குர்லா வீட்டில் புதிதாகப் பிறந்த கைக்குழந்தைக்குத் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சங்கதி. தவிரவும் குழந்தை தாயிடம் இருந்தால் மாதா மாதம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும், தன்னிடம் வந்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

வழக்கு வந்த கீழ்க்கோர்ட்டில் மொழிபெயர்த்தவன் நான். வெயிலாச்சி கூண்டில் நின்றாள். எலும்பும் தோலுமான தேகம், சீவி முடிந்த தலை, பதற்றமே இல்லாத முகம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவன் வக்கீல் ஒரு கேள்வி கேட்டான். "குழந்தை டைபாய்டில் கிடந்தபோது உன் புருஷன் வந்து தன்னோடு அனுப்பச் சொன்னாரே, அப்போது நீ என்ன பதில் சொன்னாய்?"

"'அந்தச் சவம் எங்கிட்டயே கெடந்து தொலையட்டும், ஒம்ம சோலியப் பாத்துட்டுப் போம்'னு சொன்னேன்" என்றாள் வெயிலாச்சி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீ, பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது! எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை ஒரு குழந்தை விளையாட்டாகச் சொன்னாலே வாயில் சுளீரென்று ஒன்று விழும். ஆனால் என் உத்தியோகம் சொன்னதைச் சொல்வதுதானே. நிமிர்ந்து நின்று, ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'தட் கார்ப்ஸ், லெட் இட் லை வித் மீ அண்ட் பெரிஷ்.' அந்தப் பிணம் என்னிடமே கிடந்து அழியட்டும் என்று அர்த்தம். எழுதிக்கொண்டிருந்த ஜட்ஜின் பேனா சட்டென்று நின்றது. அவர் தமிழர் அல்ல. தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. விவாகரத்து கிடைத்தது. நோயில் கிடக்கிற குழந்தையைப் பிணம் என்று அழைத்து, அது அழியட்டும் என்று சொல்லும் தாயிடம் குழந்தையை விட்டுவைப்பது ஆபத்து, ஆகையால் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும், ஜீவனாம்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எழுதியிருந்தார். எனக்கு அது சரியான தீர்ப்பு என்றுதான் பட்டது. அன்று மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

என் அண்டை வீட்டு ஜம்பு, ஜம்புநாதன், இளவயது வக்கீல். வெயிலாச்சி எப்படியோ அவனைப் பிடித்து ஐகோர்ட்டில் அப்பீல் போட்டாள். அப்பீல் முடிகிறவரை குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்று உத்தரவும் வாங்கினான் ஜம்பு. அதற்கு மேல் அவனுக்கும் வழி தெரியவில்லை. அப்பீலில் புதிதாகச் சாட்சி கேட்கமாட்டார்கள், எழுதி வைத்ததைத்தான் படிப்பார்கள். எழுதி வைத்ததோ என் இங்கிலீஷ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வெயிலாச்சி வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் அந்தக் குழந்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேஸ் நடக்கிறப்போ கோர்ட்டு உத்தியோகஸ்தன் ஆத்துக்கு வரப்படாதுன்னு ஒனக்கு யாரும் சொல்லலையா? ஜம்புவைப் போய்ப் பாரு, போ!" என்று சத்தம் போட்டேன்.

"சாமி, குத்தம் சொல்ல வரல. நான் அங்கெ சொன்னதும் நீங்க சொன்னதும் ஒண்ணுதானான்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள்.

"என் இங்கிலீஷ் சரியா தப்பான்னு சொல்ல நீ யாரு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவள் பெயர், ஊர், வயது கேட்டதிலிருந்து ஆரம்பித்தாள். வக்கீல் இங்கிலீஷில் கேட்டது, அதை நான் தமிழில் சொன்னது, அவள் தமிழில் பதில் சொன்னது, அதை நான் இங்கிலீஷில் சொன்னது. எல்லாவற்றையும் சொன்னாள். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! இங்கிலீஷில் ஒரு எழுத்து அறியாதவள் என் இங்கிலீஷை ஓசை பிசகாமல் ஒப்பித்தாள். நான் இடையில் தொண்டையைக் கனைத்தது எந்த இடத்தில் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. என் குரலே அவள் வாயிலிருந்து வருவது போல இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மடியிலிருந்த பேப்பர் தரையில் விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

"இதெல்லாம் எப்படி..." என்றேன்.

"மில்லுல மிசினுச் சத்தத்துல யாரும் யாரோடயும் பேச முடியாது சாமி. காலையில காதுல விழுந்தத சாயந்தரம் வரைக்கும் மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டேதான் நூலு சுத்துவோம். எனக்கு எதுவும் மறக்காது. எங்க மில்லுல பிள்ளைகளப் பாத்துக்கிடுத நர்சம்மா இருக்காக, ரோஷன்பாய்னு, பார்சிக்காரவுக. அவுகளுக்கு இங்கிலீசு தெரியும். அவுககிட்டப் போயி ஒண்ணொண்ணா அர்த்தம் கேட்டேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. 'கார்ப்ஸ்'னா என்னன்னு கேட்டப்பம் அவுக மொகம் வெளுத்துப் போச்சு. 'முர்தா'ன்னு சொன்னாக. பொணமாம். நான் எங்க சாமி எம்பிள்ளையப் பொணம்னு சொன்னேன்?"

"சவம்னா பொணம் இல்லாம வேற என்ன?" என்று நான் எகிறினேன்.

இதற்குள் குழந்தை எங்கள் வராந்தா கம்பியைப் பிடித்து ஏற ஆரம்பித்துவிட்டது. "ஏ சவமே! விழுந்து தொலச்சிராதட்டி! இங்கெ வா" என்றாள் வெயிலாச்சி. குழந்தை சிரித்துக்கொண்டே ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவள் கை அதன் தலையைத் தடவியது.

உள்ளே இருந்து காபியோடு வந்த என் மனைவி ருக்கு களுக்கென்று சிரித்தாள். ருக்குவின் பிறந்தகம் கல்லிடைக்குறிச்சி.

"ஏன்னா, இதையா கோர்ட்டுல பொணம்னு சொன்னேள்? அவ கொஞ்சறான்னா! எங்க ஊர்ல தயிர்க்காரி தன் கொழந்தையை இப்படித்தான் கூப்பிடுவா. பதினெட்டு வருஷமா ஒரு திருநெல்வேலிக்காரியை ஆத்துல வெச்சிண்டு இது தெரியாதா ஒங்களுக்கு? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"நீ சும்மா இரு!" என்று கத்தினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மனது ஒப்புக்கொண்டுவிட்டது, வாய்தான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவன் வீட்டுக்குள் போகாமல் நேரே தாராவிக்கு நடந்தேன். மாட்டுங்காவிலிருந்து எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்விடலாம். நாற்பத்தைந்து வயது வரையில் நான் அங்கே கால் வைத்ததில்லை. தோல் பதனிடும் கொட்டடிகளின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் அந்தச் சொல் எத்தனை முறை காதில் விழுந்தது என்று கணக்கே இல்லை. அடிபிடித்த சோற்றுப் பானையைப் பார்த்து ஒருத்தி சவம் என்றாள், அது எரிச்சல். நகராத கைவண்டியை ஒருவன் சவம் என்றான், அது அலுப்பு. ரொம்ப நாள் கழித்து வந்த சிநேகிதனைத் தோளில் அறைந்து, "எங்கலே போய்த் தொலஞ்ச, சவத்து மூதி!" என்று ஒருவன் கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரே சொல், ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு பொருள். பிணம் என்ற பொருளில் மட்டும் யாருமே சொல்லவில்லை. டீக்கடை கரீம் பாட்சாவிடம், இறந்துபோன உடம்பை இங்கே இந்துக்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொணம்னுதான் சொல்லுவாக அய்யரே, வேற என்னத்தச் சொல்லுவாக?" என்றான். நாம் இத்தனை வருஷம் தமிழ் என்று எதைத் தெரிந்து வைத்திருந்தோம் என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

நான் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மொழிபெயர்ப்புத் தவறு, சாட்சி சொன்னது வேறு என்று எழுதினேன். ஆபீசில் மேலதிகாரி கூப்பிட்டு, "பைத்தியமா ஒனக்கு? இதுக்கு முன்னாடி நீ மொழிபெயர்த்ததெல்லாம் சரியான்னு நாளைக்கு ஒவ்வொருத்தனா கேப்பான். உத்தியோகம் போயிடும்" என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் போய், தெரிந்தும் சும்மா இருந்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

நாற்பத்தொன்பதில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. இரண்டு ஜட்ஜுகள். நான் இப்போது சாட்சிக்காரன் ஆகிவிட்டதால் மொழிபெயர்க்க வேறு ஒரு ஆளைப் போட்டார்கள், மதராஸிலிருந்து வந்த சின்ன வயசுக்காரன். கணேசபாண்டியனின் வக்கீல் என்னைக் காட்டி, இந்த ஆளை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று பேசினான். கோபத்தில் என் காது இரண்டும் சுட்டது. மூத்த ஜட்ஜ் என் பத்திரத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு வழக்கத்தில் இல்லாத ஒரு காரியம் செய்தார். வெயிலாச்சியை முன்னால் வரச் சொன்னார்.

"இந்தச் சொல்லுக்குப் பிணம் என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லம்மா, அவ்வளவுதான், குழந்தை உனக்கு, என்று என் மனது அடித்துக்கொண்டது. ஒருவேளை கேட்டால் என்று ஜம்புவும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"இருக்கு சாமி" என்றாள் வெயிலாச்சி.

ஜம்பு தலையில் கை வைத்துக்கொண்டான். ஜட்ஜ் முன்னால் சாய்ந்தார். "தெரிந்தும் ஏன் பெற்ற குழந்தையை அப்படி அழைக்கிறாய்?"

அவள் ஜட்ஜை நேரே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க பக்கம் எல்லாரும் சும்மா சொல்லுத சொல்லுதான் சாமி. நான் சும்மா சொல்லல. இதுக்கு மின்னே எனக்கு ரெண்டு பெறந்துச்சு. மூத்தவள ராசாத்தின்னு கூப்பிட்டேன். எட்டாம் மாசம் போயிட்டா. அடுத்தவள தங்கம்னு கூப்பிட்டேன். ரெண்டு வருசம் இருந்தா, அவளும் போயிட்டா. நல்ல பேராச் சொல்லிச் சொல்லி நான்தான் எமனுக்கு அடையாளம் காட்டுனேன்னு நெனச்சேன். இவ பெறந்த அன்னைக்கே சவம்னு கூப்பிட்டேன். ஏற்கெனவே செத்தது ஒண்ணு இங்கெ கெடக்குன்னு எமன் நெனச்சிட்டுப் போவட்டும். செத்தத எதுக்கு மறுபடி தூக்க வாரான்? அதான் சாமி."

மொழிபெயர்க்க வேண்டிய பையன் வாயைத் திறந்தான், மூடினான். அவனால் முடியவில்லை. ஜட்ஜ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். இருபத்தெட்டு வருஷத்தில் என் குரல் உடைந்தது அந்த ஒரு தரம்தான்.

கணேசபாண்டியனின் வக்கீல் குதித்து எழுந்தான். "இது இப்போது ஜோடித்த கதை! இறந்த குழந்தைகளைப் பற்றி ரிக்கார்டில் ஒரு வரி கிடையாது!"

பின்னால் பெஞ்சி கிறீச்சிட்டது. கணேசபாண்டியன் எழுந்து நின்றான். தலை குனிந்திருந்தது.

"கதை இல்லய்யா. ரெண்டையும் நான்தான் இந்தக் கையில தூக்கிட்டுப் போயிப் பொதைச்சேன்" என்றான். உட்கார்ந்துவிட்டான். அவனை நான் மனதுக்குள் எத்தனையோ திட்டியிருக்கிறேன். அந்த நிமிஷம் திட்ட வரவில்லை.

தீர்ப்பை அங்கேயே சொன்னார்கள். குழந்தை தாயிடமே இருக்க வேண்டும், தகப்பன் மாதம் பதினைந்து ரூபாய் கொடுக்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். என் உத்தியோகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் வெயிலாச்சி குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து வயசுக் குழந்தை, கால் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது. குனிந்து அதன் கன்னத்தைக் கிள்ளி, "என் கண்ணே, ராஜாத்தி..." என்று ஆரம்பித்தேன்.

பொத்தென்று என் வாயில் ஒரு கை விழுந்தது. நூல் அறுத்து அறுத்துக் காய்ப்புக் காய்த்த கை. ஆசாரக்காரன் ஒருவன் வாயைத் தாராவிக்காரி ஒருத்தி ஐகோர்ட்டுத் தாழ்வாரத்தில் பொத்துகிறாள், அந்த நாளில்! வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கோர்ட்டில் வக்கீல்களுக்கும் மூன்று ஜட்ஜுகளுக்கும் முன்னால் நடுங்காதவள் கிடுகிடுவென்று நடுங்கினாள்.

"வேண்டாம் சாமி, வேண்டாம், வேண்டாம்" என்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கேஸ் தொடங்கியதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

நான் அவள் கையை மெல்ல விலக்கினேன். எல்லோர் காதிலும் விழும்படியாக, மேலே எங்கேயாவது யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவன் காதிலும் விழும்படியாக, உரக்கச் சொன்னேன்.

"சரி, சரி. அந்தச் சவத்தைத் தூக்கிண்டு வீடு போய்ச் சேரு."